நான்கு பக்கத்துக்குக் குறையாத வருத்தம்

காலை பத்து மணிக்கு எங்கள் ஆபீஸுக்கு வந்தவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. மதியம் மூன்று மணிக்குள் ஒரு வைர நெக்லஸைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டாள். எப்போது தொலைந்தது என்றேன். ஆறு வருஷம் ஆகிறது என்றாள். அப்படியானால் இவ்வளவு அவசரப்பட வேண்டாமே என்று நான் சொன்னதும் டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய், வந்தவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

டீச்சர்தான் எங்கள் துப்பறியும் நிறுவனம். மிச்சம் மீதி நான். இருபத்திரண்டு வருஷம் பரீட்சைத் தாள் திருத்திவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். எவன் எவனைப் பார்த்து எழுதினான், எந்த வரியில் கண்ணை எடுத்தான் என்பதுவரை சொல்லிவிடுவார். நான் இதற்கு முன்பு இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தேன். மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்கிற அடிப்படைப் பயிற்சி எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

வந்தவள் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். புருஷன் பிளம்பர். ஒரு பல் டாக்டர் வீட்டில் பாத்ரூம் குழாயை மாற்ற அவர் போன அன்றைக்குத்தான் அந்த வீட்டில் பீரோ உடைந்து நெக்லஸ் காணாமல் போனது. பூட்டை உடைத்தது பிளம்பரின் ஸ்க்ரூடிரைவர். போலீஸ் அதற்கு மேல் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளவில்லை. கோர்ட்டும் அப்படியே. பத்து வருஷம் போட்டார்கள், ஆறு முடிந்திருக்கிறது.

பாதித் தண்டனையை முடித்தவர்களை முன்கூட்டியே விடுவதற்கு ஜெயிலில் ஒரு போர்டு இருக்கிறது. அதன் முக்கிய நிபந்தனை ஒன்றுதான். செய்த குற்றத்துக்கு மனம் வருந்தி, கைப்பட, நான்கு பக்கத்துக்குக் குறையாமல் கடிதம் எழுத வேண்டும். பத்துக்கு ஆறு மார்க் வாங்கினால் வீடு. பிளம்பர் மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் ஒரே வரி: நான் எடுக்கவில்லை. மூன்று தடவையும் பூஜ்யம், 'மனம் திருந்தவில்லை' என்று ஒரு சீல். அவரோடு உள்ளே போன கள்ளக் கையெழுத்துக்காரன், கடையைக் கொளுத்தியவன் எல்லாரும் உருகி உருகி எழுதிவிட்டு எப்போதோ வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செய்தவனுக்கு வருந்துவதற்குச் சரக்கு இருக்கிறது. செய்யாதவன் எதை வைத்து நான்கு பக்கம் நிரப்புவான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்று நான்காவது தடவை, அதுவே கடைசித் தடவை. இன்றைக்கும் பூஜ்யம் என்றால் இனிக் கூப்பிட மாட்டார்கள், மீதி நான்கு வருஷத்தையும் உள்ளேயே கழிக்க வேண்டும். அதனால் ஜெயிலில் கடிதம் எழுதித் தருகிற ஒரு கைதியைப் பிடித்து நான்கு பக்கம் எழுதி வாங்கியிருக்கிறாள் மனைவி. அதைப் பார்த்து எழுத மாட்டேன் என்று பிளம்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"அவரு எழுதினாக்கூட நகை எங்கேன்னு கேப்பாங்க. அதைக் காட்டினாத்தான் விடுவாங்களாம். எப்படியாவது தேடிக் குடுங்க டீச்சர். இன்னும் நாலு வருஷம் என்னால முடியாது."

டீச்சர் அந்த நான்கு பக்கத்தையும் வாங்கி, பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஒரு கோடு. இரண்டாம் பக்கத்தில் மூன்று கோடு, பக்கத்தில் 'வளவள' என்று ஒரு குறிப்பு. மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது. அங்கே இப்படி எழுதியிருந்தது:

'பீரோவின் மேல் ஒரு ஷூ பெட்டி இருந்தது. திறந்தேன். வெள்ளைச் சாந்தில் வார்த்த பற்கள் வரிசை வரிசையாக என்னைப் பார்த்துச் சிரித்தன. அவற்றின் நடுவே நெக்லஸ் கிடந்தது. அந்தச் சிரிப்பு இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை.'

"இந்தப் பத்தி மட்டும்தான் கண்ணால பார்த்தவன் எழுதினது," என்றார் டீச்சர். "மத்ததெல்லாம் பக்கம் நிரப்பினது."

தீர்ப்பு நகலை எடுத்துப் பார்த்தோம். நெக்லஸ் பீரோவுக்குள்ளே, பூட்டின அறையில் இருந்ததாகப் பல் டாக்டர் சத்தியம் செய்திருந்தார். ஷூ பெட்டி என்கிற பேச்சே எந்தப் பக்கத்திலும் இல்லை. பூட்டு இருக்கிற வீட்டில் நகையை எதற்கு ஷூ பெட்டியில் போட வேண்டும், அப்படிப் போட்டவர் எதற்கு அதை மறைக்க வேண்டும் என்றார் டீச்சர். இந்தக் கேள்விக்கு என் பழைய தொழிலில் பதில் இருந்தது. பூட்டி வைக்காத நகை திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி தம்பிடி தராது. அந்த வரி பொடி எழுத்தில் இருக்கும். எத்தனையோ பேருக்கு அதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியவன் நான்.

பதினோரு மணிக்கு டீச்சர் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, கடைவாய்ப் பல் ஆடுகிறது என்றார். ஷூ பெட்டியில் பல் அச்சு வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று டீச்சர் அந்த வாயோடேயே கேட்டார். கண்ணாடி தரையில் விழுந்தது.

"யாரு சொன்னா?"

"எடுத்தவன் சொன்னான்," என்றார் டீச்சர்.

வெளியே வரிசையில் ஒன்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு இயற்கையிலேயே கொஞ்சம் உரத்த குரல். இன்சூரன்ஸ் என்ற வார்த்தையை நான் இரண்டாம் தடவை சொல்வதற்குள் டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். பல் அச்சுப் பெட்டியை எவன் திறக்கப் போகிறான் என்று அவர் மனைவி நகையை அதில் போட்டு வைத்திருக்கிறாள். திருடு போனபோது பீரோ பூட்டியது பூட்டியபடி இருந்தது. பாத்ரூமில் பிளம்பர் வைத்துவிட்டுப் போன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சொந்த பீரோவைச் சொந்தக் கையால் நெம்பியவர் டாக்டர்தான். அந்த ஆள் உள்ளே போவார் என்று நினைக்கவே இல்லை என்று கண் கலங்கினார். மருந்துச் சீட்டிலேயே அத்தனையையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். அவர் கையெழுத்தை வாசிக்க மெடிக்கல் கடைக்குத்தான் போக வேண்டும் என்றேன். தெளிவாக இன்னொரு தடவை எழுதச் சொன்னார் டீச்சர்.

ஆனாலும் எடுத்தவன் யார் என்பது பாக்கி இருந்தது. பீரோவை டாக்டர் உடைத்தார் என்பதால் நகையைப் பிளம்பர் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. அந்தப் பத்தியை முதலில் எழுதியவனைப் பிடிக்க வேண்டும்.

பன்னிரண்டரைக்கு ஜெயிலில் இருந்தோம். கடிதம் எழுதித் தருகிறவரை அங்கே ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போலி உயில் எழுதி உள்ளே வந்தவர். இதுவரை பதினேழு பேரை வருத்தப்பட வைத்து வெளியே அனுப்பியிருக்கிறார். தனக்கென்று எழுதிய கடிதத்துக்கு மட்டும் நாலு மார்க், 'நடை செயற்கை' என்று குறிப்பு. அந்த ஆத்திரம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. பல் பத்தி உங்கள் சொந்தச் சரக்கா என்று கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. தான் அப்படி மலிவாக எழுத மாட்டேன் என்றார். போர்டுக்காரர்கள் நல்ல மார்க் வாங்கிய கடிதங்களை பைண்டு செய்து ஜெயில் நூலகத்தில் வைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் படித்துத் திருந்துவதற்காக. மார்க் உறுதியாக வர வேண்டும் என்றால் அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் போட்டுவிடுவாராம்.

"நோட்ஸ் போட்டுக் குடுத்திருக்காங்க," என்றேன் டீச்சரிடம். அவர் அதற்குள் நூலகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அந்தத் தொகுப்பைப் படித்த ஒரு மணி நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கள்ளக் கையெழுத்துப் போட்டவன் செக் புத்தகத்தைத் திறந்தபோது வெள்ளைப் பற்கள் அவனைப் பார்த்துச் சிரித்தன. குடித்துவிட்டு லாரி ஓட்டியவனைப் பார்த்து ரோட்டோரத்தில் வெள்ளைப் பற்கள் சிரித்தன. கடையைக் கொளுத்தியவனுக்கு நெருப்புக்குள்ளிருந்தே சிரித்தன. எல்லாருக்கும் எட்டு, ஒன்பது என்று மார்க். எந்தக் கடிதத்திலும் பல் எங்கிருந்து வந்தது என்று போர்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. லாரிக்காரன் கடிதத்தின் ஓரத்தில் 'ஆழமான உருவகம்' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

டீச்சர் தேதி வாரியாகப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். காப்பி அடிக்கிறவன் காரணத்தை விட்டுவிடுவான் என்பது அவர் கணக்கு. எவனாவது பீரோ மேல் ஏறி ஷூ பெட்டியைத் திறக்கிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தோடு இருக்கிற கடிதம்தான் மூலம் என்றார்.

தொகுப்பின் முதல் கடிதத்தில் அது இருந்தது. எழுதியவன் ஒரு சைக்கிள் திருடன். டாக்டர் வீட்டில் திருடு போன அடுத்த வாரமே சைக்கிளோடு பிடிபட்டவன். ஒன்றரை பக்கம் சைக்கிளைப் பற்றியே எழுதியிருந்தான். மணி, கேரியர், பின் சக்கரத்தில் காற்று இல்லாதது வரைக்கும் எழுதிவிட்டான். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. பிறகு ஒரு டாக்டர் வீட்டு வாசலில் இருந்த சைக்கிளைப் பார்க்கப் போனதாகவும், குழாய் வேலைக்காரர் வாஷர் வாங்கப் போயிருந்ததால் கதவு திறந்திருந்ததாகவும், உள்ளே போய்க் காலுக்குப் பொருத்தமாக ஒரு ஷூ கிடைக்குமா என்று பெட்டியை இறக்கியதாகவும் எழுதியிருந்தான். அப்புறம் பற்கள், நடுவில் நெக்லஸ். நான்காம் பக்கத்தின் கடைசி வரி இது: 'நான் செய்த அந்தக் காரியத்துக்காக ஒரு பிளம்பர் பக்கத்து பிளாக்கில் பத்து வருஷத் தண்டனை அனுபவிக்கிறார். அவரைச் சாப்பாட்டு வரிசையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.'

கீழே போர்டு உறுப்பினர்கள் மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'நெஞ்சைத் தொடும் நடை. பத்துக்குப் பத்து. உடனே விடுதலை.'

அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்து வருஷத்துக்கும் மேலாக அந்தக் காகிதம் தங்க எழுத்து போட்ட அட்டைக்குள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கிற அலமாரியில் இருந்திருக்கிறது. படித்தவர்கள் அத்தனை பேரும் பார்த்து எழுதியிருக்கிறார்களே தவிர ஒருவரும் படிக்கவில்லை.

இந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறான் என்று நூலக கிளார்க்கிடம் கேட்டோம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே போய் டெய்லர் கடை வைத்து முன்னுக்கு வந்துவிட்டாராம், மறுவாழ்வுக்காக விருதுகூட வாங்கியிருக்கிறாராம்.

"இப்ப அவரே போர்டுல மெம்பருங்க. திருந்தினவங்க சார்பா ஒருத்தர் இருக்கணும்னு போன வருஷம் சட்டம் வந்துச்சில்ல. ரொம்பக் கண்டிப்பானவரு. அந்தப் பிளம்பருக்கு மூணு தடவையும் முதல்ல பூஜ்யம் போட்டது அவருதான்."

மூன்று மணிக்கு போர்டு கூடியது. நீளமான மேஜை, நான்கு நாற்காலி, நான்கு தட்டில் பிஸ்கட். நடுவில் தலைவராக ரிட்டயர்டு நீதிபதி, அவருக்கு வலப்பக்கம் ரிட்டயர்டு போலீஸ் அதிகாரி, இடப்பக்கம் மனவியல் பேராசிரியர். ஓரத்தில் நல்ல தையலில் கோட்டு போட்ட திருந்தியவர். எதிரே பிளம்பர் நின்றுகொண்டிருந்தார். ஒடிசலான மனிதர், கையில் ஒரே ஒரு காகிதம், அதில் ஒரே ஒரு வரி. மனைவி சுவரோரம் நின்று அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகை எங்கே என்று நீதிபதி கேட்டார். நான் எடுக்கவில்லை என்றார் பிளம்பர். திருந்தியவர் வருத்தத்தோடு தலையை ஆட்டி, இவரை வெளியே விட்டால் மறுபடியும் செய்வார் என்றார். அப்போது டீச்சர் எழுந்து, போர்டு பத்து மார்க் போட்ட முன்மாதிரிக் கடிதம் ஒன்றைக் கைதியின் நன்மைக்காக வாசிக்க அனுமதி கேட்டார். பேராசிரியர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

டீச்சர் வகுப்பில் வாசிப்பது மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தார். சைக்கிளுக்குப் பேராசிரியர் கண்ணை மூடி ரசித்தார். வாஷர் வந்தபோது பிளம்பர் நிமிர்ந்தார். ஷூ பெட்டி வந்தபோது திருந்தியவர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டார். கடைசி வரியை டீச்சர் இரண்டு தடவை வாசித்தார், மருந்துச் சீட்டையும் மேஜையில் வைத்தார்.

"யாரோட கடிதம் இது?" என்றார் நீதிபதி.

"என்னோடதுதாங்க ஐயா," என்றார் திருந்தியவர். "சைக்கிளை வச்சு ஒண்ணரைப் பக்கத்துக்கு மேல வரலை. வேற வழியில்லாம உண்மையை எழுதினேன், அப்படியே நாலு பக்கமும் நிரம்பிடுச்சு. புதுக் கேஸ் போடுவீங்கன்னு ராத்திரியெல்லாம் நடுங்கிட்டிருந்தேன். நீங்க பத்து மார்க் போட்டுக் கை குடுத்து அனுப்பி வச்சீங்க."

அதற்குப் பிறகு அவரை ஒப்புக்குக்கூட யாரும் கோபிக்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து பிளம்பரைத்தான் சங்கடத்தோடு பார்த்தார்கள், அழைக்காமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல.

முதலில் போலீஸ் அதிகாரி தொண்டையைச் செருமினார். தண்டனை என்பது ஊருக்குப் பாடம், இவர் உள்ளே போன பிறகு இந்த ஊரில் ஒரு பிளம்பர்கூடத் திருடவில்லை, இப்போது வெளியே விட்டால் அந்தப் பயம் என்னாவது என்றார். அதற்கு முன்பும் எந்தப் பிளம்பரும் திருடவில்லையே என்றேன். அதைப் பதிவு செய்ய வேண்டாம் என்றார். பேராசிரியர் வேறு மாதிரி. இங்கே வந்த ஆறு வருஷத்தில் இவர் கோபத்தை அடக்கவும் புத்தகம் பைண்டு செய்யவும் கற்றிருக்கிறார், நிரபராதி என்கிற ஒரே காரணத்துக்காக இந்த முன்னேற்றத்தைப் பாதியில் நிறுத்துவது சரியா என்று கவலைப்பட்டார். நீதிபதி இருவரையும் கையமர்த்தினார். குற்றம் ஒன்று நடந்தது, அதற்கு ஈடாகத் தண்டனை ஒன்றும் நடந்துகொண்டிருக்கிறது, தராசு சமமாக நிற்கிறது, இதில் ஆள் யார் என்பது நிர்வாக விஷயம் என்றார். அதுவும் போக, இந்த போர்டுக்கு வருந்தியவர்களை விடத்தான் அதிகாரம். வருந்தாதவரை விட விதி இல்லை.

"எதுக்கு வருந்தணும்?" என்று கேட்டார் டீச்சர்.

நீதிபதி யோசித்தார். ஆறு வருஷமாக வருந்தாமல் இருந்ததற்கு வருந்தலாம் என்றார்.

பிளம்பர் அப்போதுதான் வாயைத் திறந்தார். குரலில் சூடே இல்லை. "நான் எடுக்கலைங்க. அதை மட்டும் எழுதிக் குடுங்க. நாலு வருஷம் ஆனாலும் பரவால்லை."

டீச்சர் கைப்பையிலிருந்து ஜெயில் விதிப் புத்தகத்தை எடுத்தார். நூலகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார் போலிருக்கிறது. குடும்பக் காரணத்துக்கான பரோல், விதி நாற்பத்தொன்று. தலைவர் கையெழுத்து மட்டும் போதும், வருத்தம் தேவையில்லை. மேல் கோர்ட் தீர்ப்பைத் திருத்துகிறவரைக்கும் அதை நீட்டித்துக்கொண்டே போகலாம். கடிதமும் மருந்துச் சீட்டும் இன்றைக்கே மேல் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் இந்தத் தொகுப்பைப் போர்டின் கையெழுத்துகளோடு தானே பத்திரிகை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போவேன் என்றார். நீதிபதிக்கு அந்த விதி உடனே பிடித்துப்போனது. பேனாவை நான்தான் கொடுத்தேன்.

திருந்தியவரைப் போலீஸ் அதிகாரி தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார். அவருக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. நெக்லஸ் எப்போதோ டெய்லர் கடையாக மாறிவிட்டதாம். போகும்போது பேராசிரியர், விருதை மட்டும் திருப்பித் தந்துவிடும்படி மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

ஐந்து மணிக்கு ஜெயில் கதவு திறந்தது. ஒரு துணிப்பையோடு பிளம்பர் வந்தார். மனைவி ஓடிப் போய்க் கட்டிக்கொள்வாள், எனக்கும் கண் கலங்கும் என்று தயாராக நின்றேன். அவள் சுவரை விட்டு நகரவே இல்லை. அவர்தான் அவளிடம் போனார்.

"ஏங்க," என்றாள் அவள். "நான் நம்பலைங்க. நீங்கதான் எடுத்தீங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். ஆறு வருஷமா. எங்கேயோ புதைச்சு வச்சிருக்கீங்க, சொல்ல மாட்டேங்கறீங்கன்னுதான் இவங்ககிட்டகூட வந்தேன்."

"தெரியும்," என்றார் அவர்.

"எப்ப தெரியும்?"

"முதல் மாசம் பார்க்க வந்தியே, அப்பவே. எங்கே வச்சிருக்கேன்னு கேட்ட. எடுத்தியான்னு கேக்கலை."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப ஏன் ஒரு வார்த்தை என்னைத் திட்டலை? என்னை நம்பலையான்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல."

பிளம்பர் துணிப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கேட்டிருந்தா, நீ அடுத்த மாசம் வராம இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"